ஜிடி500-ஆ, சூப்பர்சார்ஜர் ஏற்றிய மஸ்டாங் ஜிடியா: ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூ டிரீம் குரூஸ் என்ற கார் ஊர்வலம் முடிந்த வாரம், டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம்மூர்ப் பையன்களில் யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார். "அண்ணா, அவ்வளவு காசு கொடுத்து எதுக்கு ஜிடி500? ஒரு ஜிடி வாங்கி சூப்பர்சார்ஜர் போட்டா அதே பவர் வந்துடுமே?"

பவர் வந்துவிடும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பம்ப்தானே. 2020 முதல் 2022 வரை மஸ்டாங் காரின் உச்ச வகையாக ஃபோர்டு விற்ற ஷெல்பி ஜிடி500-க்கு 760 எச்.பி. அதே காலத்தில் ரௌஷ் நிறுவனம் மஸ்டாங் ஜிடியை எடுத்து மாற்றி விற்ற ஸ்டேஜ் 3-க்கு 750 எச்.பி. இரண்டிலும் இருப்பது ஈட்டன் வகை 2.65 லிட்டர் சூப்பர்சார்ஜர்தான். பத்து எச்.பி. வித்தியாசத்தை யாராலும் உட்கார்ந்து உணர முடியாது. அப்படியானால் மிச்சக் காசு எங்கே போகிறது என்று தேடுவதுதான் ஒப்பீடு. நான் பல வருடம் இன்ஜின் கூலிங் சோதனையில் வேலை பார்த்தவன். எனவே எந்த வண்டியைக் காட்டினாலும் முதலில் ரேடியேட்டரைத்தான் பார்ப்பேன். அந்தச் சாய்வு இதில் இருக்கும், சொல்லிவிட்டேன்.

முதல் வேலை, வண்டியை யார் செய்தது என்று உறுதி செய்வது. ஷெல்பி என்ற பெயரே ஆளைக் குழப்பும். ஜிடி500 மிச்சிகனில் ஃபிளாட் ராக் ஆலையில் ஃபோர்டு செய்தது. 'ஷெல்பி சூப்பர் ஸ்னேக்' லாஸ் வேகஸில் ஷெல்பி அமெரிக்கன் நிறுவனம் மஸ்டாங்கை வாங்கிப் பிரித்து மாற்றியது. அதில் சிஎஸ்எம் என்று தொடங்கும் எண் கொண்ட தகடு இருக்கும்; அந்த எண்ணை ஷெல்பி பதிவேட்டில் சரிபார்க்கலாம். மூன்றாவது வகை, யாரோ தன் கராஜில் சூப்பர்சார்ஜர் கிட் வாங்கி மாட்டி, அப்புறம் கோடு ஒட்டி, பேட்ஜ் குத்தியது. பேட்ஜை நம்பாதீர்கள், வின் எண்ணை, அதாவது ஆலை கொடுத்த அடையாள எண்ணைப் படியுங்கள். அதன் எட்டாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். அங்கே 'எஃப்' இருந்தால் அது 5.0 லிட்டர் ஜிடி, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி.

கம்பெனி செய்த வண்டிக்கும் டியூனர் (காரை வாங்கி மாற்றிப் பவர் கூட்டுபவர்) செய்த வண்டிக்கும் இடையிலான எல்லை எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் டான் யெங்கோ என்ற ஷெவர்லே டீலர் 1967-இல் ஷெவர்லேயின் கமாரோ காரில் 427 கன அங்குல இன்ஜினைத் தன் கடையிலேயே மாற்றிப் போட்டார். 1969-க்குள் ஷெவர்லேயின் சிறப்பு ஆர்டர் வழியாக, கோபோ 9561 என்ற எண்ணில், அந்த இன்ஜினை ஆலையிலேயே போட வைத்துவிட்டார். இன்று ஏலத்தில் யெங்கோ கமாரோ என்று ஒன்று வந்தால், அது டியூனர் வண்டியா, கம்பெனி வண்டியா என்று காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து எண்கள். கம்பெனி சொல்லும் எச்.பி. பெரும்பாலும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) தரப்படி இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. டியூனர் கடைக்காரர் காட்டும் டைனோ (பவர் அளக்கும் கருவி) தாள், சக்கரத்தில் அளந்தது. கியர்பாக்ஸும் ஆக்சிலும் 12 முதல் 15 சதவீதம் தின்றுவிடும். ஆகவே ஒருவர் சக்கரத்தில் 650 என்றால், கிராங்கில் ஏறக்குறைய ஜிடி500 அளவு. தாளின் ஓரத்தில் 'எஸ்டிடி' என்று இருக்கிறதா, 'எஸ்ஏஇ' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் அன்றைய காற்றின் நிலைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் முறைகள். எஸ்டிடி திருத்தத்தில் எண் நான்கு சதவீதம் வரை ஏறித் தெரியும். எந்த பெட்ரோலில் டியூன் செய்தது என்றும் கேளுங்கள். மிச்சிகனில் 93 ஆக்டேன் கிடைக்கும். கலிபோர்னியா பங்கில் 91-தான். 93-க்கு டியூன் செய்த வண்டியை அங்கே ஓட்டிப் போனால், கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டுப் பவரைக் குறைக்கும். டியூன் மோசமாக இருந்தால் குறைக்காது. இன்ஜின் அடிவாங்கும், அதுதான் பயம்.

இப்போது என் இடம். ஜிடி500-இன் முன்பக்கத்தில் ஆறு வெப்பமாற்றிகள் இருக்கின்றன: இன்ஜினுக்கு, சூப்பர்சார்ஜரின் காற்றைக் குளிர்விக்க, ஆயிலுக்கு, கியர்பாக்ஸுக்கு என்று. அவற்றுக்குக் காற்று போகத்தான் அந்த கிரில் அவ்வளவு அகலமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கிட் போட்ட ஜிடியில் பெரும்பாலும் கூடுதலாக வருவது சூப்பர்சார்ஜர் காற்றுக்கான ஒரே ஒரு குட்டி ரேடியேட்டர். அதுவும் பழைய ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூடான காற்றைப் பின்னால் தள்ளும். ஒரு தடவை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு இது போதும். ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் சுற்ற நினைப்பவருக்குப் போதாது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் செருகுமிடம்) செருகும் சின்ன ஸ்கேனரும் ஒரு போனும் போதும். வெயில் நாளாகப் பார்த்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இன்டேக் காற்றின், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைத் திரையில் வையுங்கள். ஹைவே ரேம்ப்பில், வேக வரம்புக்குள், மூன்று தடவை அடுத்தடுத்து முழுதாக அழுத்துங்கள். எண் ஏறுவது சகஜம். சாதாரணமாக ஓட்டும்போது அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மேலே நின்றுகொண்டே போனால், தாளில் உள்ள பவர் முதல் தடவைக்கு மட்டும்தான். விற்பவர் இந்தச் சோதனைக்கு மறுத்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குள் போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. 2018 முதல் 2021 வரை வந்த ஜிடி இன்ஜினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் விகிதம்) 12-க்கு 1. சூப்பர்சார்ஜர் இல்லாமல் 460 எச்.பி. எடுக்க வடிவமைத்தது. ஜிடி500-இன் 5.2 லிட்டர் இன்ஜினில் 9.5-க்கு 1, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவார்கள் என்று தெரிந்தே செய்தது. முன்னதில் தவறுக்கு இடம் குறைவு. அதே 5.0-வில் ஆயில் பம்பின் உள் கியர்கள் உலோகப் பொடியை அழுத்திச் செய்தவை. கூடுதல் பவரோடு ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பு) அடித்துக்கொண்டே இருந்தால் விரிசல் விடும். ஆயில் அழுத்தம் போனால் இன்ஜினும் போயிற்று. எஃகைக் கடைந்து செய்த கியர்கள் தனியாகக் கிடைக்கின்றன. கிட் போட்டவர் அதை மாற்றினாரா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்று சொன்னால் அவர் கணக்கு எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

பிரேக்கைப் பார்க்க டேப் இருந்தால் போதும். அந்த வருடங்களின் சாதாரண ஜிடியின் முன் டிஸ்க் 352 மில்லிமீட்டர், பெர்ஃபாமன்ஸ் பேக் எடுத்திருந்தால் 380, ஜிடி500-இல் 420. 352-ஐ வைத்துக்கொண்டு 750 எச்.பி. ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பின்னால் நான் ஓட்டுவதில்லை.

வாரண்டி பற்றி ஊரில் பாதி வதந்தி. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு பாகம் மாட்டியதாலேயே முழு வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். ஆனால் சூப்பர்சார்ஜர் மாட்டிய இன்ஜினில் பிஸ்டன் உடைந்தால், காட்டுவது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. ரௌஷ் போன்றவர்கள் முழு வண்டியாக விற்கும்போது தங்கள் சொந்த வாரண்டியைத் தருகிறார்கள், 3 வருடம் அல்லது 36,000 மைல். தாளில் பொறுப்பேற்பவர் பெயர் யாருடையது என்று படியுங்கள். கலிபோர்னியாவுக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் பானெட்டுக்குள் கார்ப் (கலிபோர்னியா காற்று வாரியம்) அனுமதி எண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து அங்கே புகைச் சோதனையில் இன்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் கிட்டை எழுத்தில் தெரிவித்து, பேசி முடித்த மதிப்புக்கு பாலிசி எடுங்கள்.

எனக்கே வாங்குவதென்றால்? டிராக் நாட்களுக்கு ஜிடி500, கண்ணை மூடிக்கொண்டு. மேனுவல் கியர் வேண்டும் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதில் தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் டூயல் கிளட்ச் மட்டும்தான். ரௌஷ் ஸ்டேஜ் 3 பக்கம் போவேன், பில்களோடு இருந்தால். கராஜ் கிட் வண்டியை, சூப்பர்சார்ஜருக்கு ஒரு டாலரும் கூட்டாமல், வெறும் ஜிடியின் விலைக்குக் கொடுத்தால் யோசிப்பேன். ஆயில் பம்ப் கியர் மாற்றும் கூலியை அதிலிருந்தும் கழித்துக்கொள்வேன்.