"நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்காதீர்கள்

அறுவடை நாட்களில் மன்னார்குடிப் பக்கம் பாதிச் சாலையில் நெல் காயும். பெரியப்பா அதில்தான் பைக்கோடு சறுக்கி விழுந்தார்; தலையில் அடிபட்டு நினைவு குலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, சொந்தபந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டது ஒரே கேள்வி: "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?" அவர் விழிப்பார், வேறு பெயர் சொல்வார், யாராவது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஞாபகத்துக்கு அது பயிற்சி என்று நானும் நினைத்தேன். அது பரீட்சை, அதுவும் கெடுதல் செய்கிற பரீட்சை.

நினைவு பலமாகக் குலைந்தவருக்குத் தான் சொன்னது தப்பு என்பது தங்காது. ஆனால் சொன்ன பெயர் தங்கிவிடும், அடுத்த முறையும் அதுவே வாயில் வரும். அதனால்தான் தப்புக்கு இடமே கொடுக்காமல் கற்றுத்தரும் முறை ஒன்று இருக்கிறது. "பெரியப்பா, நான் உங்க தம்பி மக" என்று நாமே முதலில் சொல்ல வேண்டும். அரை நிமிடம் கழித்துக் கேட்கலாம். அப்புறம் ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டலாம். தயங்கினால் உடனே விடையைச் சொல்லிவிடுங்கள்.

நம் தவறுகள் அவர் விழுந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். பைக்கில் நடுவே உட்காரவைத்துத் தூக்கிப்போனால் அடிபட்ட கழுத்து இன்னும் கெடும். 108-ஐ அழையுங்கள்.

"ரத்தம் வரல, நல்லாத்தான் பேசுறாரு" என்று விட்டுவிடுவது அதைவிட ஆபத்து. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டினால், விழுந்தவர் எழுந்து தெளிவாகப் பேசிவிட்டுச் சில மணி நேரத்தில் நினைவிழக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். உறைக்கு அடியில் கட்டும் ரத்தம் வேறு மாதிரி. கொல்லையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு, அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், சில வாரம் கழித்துக்கூட நடை தள்ளாடலாம், பேச்சு குழறலாம். "வயசாச்சு" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஸ்கேன் நார்மல் என்றால் மூளை நார்மல் என்று பொருளில்லை. வேகமான குலுக்கலில் அறுந்த நுண்ணிய நரம்பிழைகள் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம். வெளியில் அடியே படாமலும் மூளை காயப்படும்: பக்கவாதம் ஒன்று, ஆற்றில் மூழ்கி மூச்சடைப்பது இன்னொன்று.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்கும் பிடி தளர்ந்துவிடும். ஒரு கெட்ட வார்த்தை பேசாத பெரியப்பா பெரியம்மாவைக் கண்டபடி திட்டினார். திமிர் என்று சண்டை போட்டோம். அவரோ தன் வசத்திலேயே இல்லை. மனம் தெளிய வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் வாருங்கள், நானும் போனேன். வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மொபைலில் மூளை விளையாட்டு வாங்கிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அன்றாட வேலைக்கு அது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. எந்த வேலை தேவையோ அந்த வேலையையே பழக்க வேண்டும். தினசரி காலண்டர் இதற்கு அருமையான கருவி: காலையில் அவரே தாளைக் கிழித்து, கிழமையும் தேதியும் வாய்விட்டுப் படிக்கட்டும். மாத்திரைக்குப் போனில் அலாரம், வந்தவர் போனவரை எழுத ஒரே ஒரு நோட்டு. மூளை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் பயிற்சியைக் காலையிலேயே, டி.வி.யை அணைத்துவிட்டு, சிறிது நேரம் மட்டும் செய்யுங்கள். "ஆறு மாசத்துக்கு மேல தேறாது" என்பார்கள். வேகம் குறையும், ஆனால் முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை.

பெரியப்பாவுக்கு நாங்கள் பழக்கியது காபி. அடுப்புக்கு மேலே ஆறு வரி எழுதி ஒட்டினோம். தப்பில்லாமல் வர வர, ஒவ்வொரு வரியாக மறைத்தோம். இப்போது தாளில் தெரிவது இரண்டே வரி: பாலை அடுப்பில் வை. அடுப்பை அணை.