ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: ஒன்பதாம் வகுப்புக்கு முன் எழுத வேண்டிய ஒரு கடிதம்

எங்கள் ஊரில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைக்கு வழி தானாகத் திறக்கும். பெறுபேறு வந்ததும் ஊரே சொல்லும், பெரிய பாடசாலைக்கு விண்ணப்பம் போடுங்கோ என்று. அந்தப் பழக்கத்தோடுதான் நானும் ஸ்காபரோவில் வந்து இறங்கினேன். பிள்ளை கெட்டிக்காரன் என்றால் பாடசாலைக்குத் தெரியும், தெரிந்தால் அவர்களே மேலே ஏற்றுவார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் மூத்தவனுக்கு ஒன்றரை வருடம் போய்விட்டது. மீத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான ‘கிஃப்டட்’ வகுப்புக்கு அதிபரிடம் எழுத்தில் கேட்பது எப்படி என்று, இப்போது ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதிவு வேலைகள் பெரிய பாடில்லை. விலாசத்துக்கு அத்தாட்சி, குடிவரவுப் பத்திரம், தடுப்பூசி அட்டை, ஊர்ப் பாடசாலையின் கடைசி இரண்டு வருட அறிக்கைகள். அறிக்கை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கொண்டுபோங்கள். பிள்ளையை வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் விடுவார்கள், கெட்டித்தனத்தைப் பார்த்தல்ல. அதற்காக அங்கே நின்று வாதாட வேண்டாம். வாதாட வேண்டிய இடம் பிறகு வருகிறது.

கிஃப்டட் என்பது ஒன்ராறியோவில் விசேட கல்விக்குள் வரும் ஒரு வகை. இதை விளங்கிக்கொள்ளவே எனக்குப் பல மாதம் பிடித்தது. விசேட கல்வி என்றால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். இங்கே மீத்திறன் உள்ள பிள்ளையும் அதே சட்டத்துக்குள்தான், அதே குழுவுக்கு முன்னால்தான் போக வேண்டும். பிள்ளையை அடையாளங்கண்டு, எந்த வகுப்பில் விடுவது என்று தீர்மானிக்கும் அந்தக் குழுவின் பெயர் ஐ.பி.ஆர்.சி. புள்ளி எவ்வளவு என்பது அங்கே பெரிய விஷயம் இல்லை. உளவியலாளர் செய்யும் மதிப்பீட்டைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். பல போர்டுகள், அதாவது பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபைகள், மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே பிள்ளைகளைச் சோதித்து விடுகின்றன. ஏழாம் வகுப்பில் வந்து சேரும் எங்கள் பிள்ளைகள் அந்த வலையில் அகப்படுவதே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் வந்த வருடம் நவம்பரில் முதல் பெற்றோர் சந்திப்பு. சின்னக் கதிரை, பத்து நிமிடம். கணிதத்தில் ‘மிக நன்றாக முன்னேறுகிறார்’ என்று இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, ஆசிரியை அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தன்முயற்சி என்று ஆறு பழக்கங்களுக்கு எழுத்தில் தரம் போட்டிருப்பார்கள். மகனுக்கு ஒழுங்கமைப்பில் ‘N’ என்ற எழுத்து. இன்னும் முன்னேற வேண்டும் என்று அர்த்தம். கொடுத்த தாளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ஓரம் முழுக்க ரயில் பெட்டி கீறிக்கொண்டு இருக்கிறானாம். இவனைக் கிஃப்டட் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். “முதலில் ஆங்கிலம் சரிவரட்டும், பார்ப்போம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பெப்ரவரிச் சந்திப்பிலும் அதே பதில். எட்டாம் வகுப்பில் வேறு ஆசிரியர், நவம்பரில் மறுபடி அதே பதில். மூன்று தரமும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆசிரியரை மீறிக் கதைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை அல்லவா.

ஜனவரியில் கோயிலில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். வந்து இருபது வருடத்துக்கு மேலே, இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர். கதையைக் கேட்டதும், “வாயால கேட்டது இங்க கணக்கில்லை பிள்ளை, அதிபருக்கு எழுதிக் குடுத்தனீயோ?” என்றார். இல்லை என்றேன். அவர் முகம் மாறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

விஷயம் இதுதான். ஒன்ராறியோ ஒழுங்குவிதி 181/98 என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் பிள்ளையை ஐ.பி.ஆர்.சி.க்கு அனுப்பியே ஆக வேண்டும். கடிதம் கிடைத்து 15 நாளுக்குள், குழு ஏறக்குறைய எப்போது கூடும் என்று எழுத்தில் பதில் தர வேண்டும், பெற்றோர் கைநூலும் தர வேண்டும். வாயால் கேட்டால் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்காது. ஆங்கிலம் வரும்வரை காத்திரு என்று அந்த விதியில் எங்கேயும் இல்லை. வேறு மொழியில் யோசிக்கிற பிள்ளை என்பதை மதிப்பீட்டின்போது கணக்கில் எடுக்கச் சொல்லிக் கடிதத்திலேயே கேளுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். திகதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, ‘181/98 இன் கீழ் என் பிள்ளையை ஐ.பி.ஆர்.சி.க்கு அனுப்பும்படி கேட்கிறேன்’ என்ற வரி, உங்கள் கையெழுத்து. அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சல் அனுப்பினாலும் சரி, அதை அழிக்க வேண்டாம். குழு கூடும்போது நீங்களும் உள்ளே இருக்கலாம், பேசலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் இரண்டாவது சந்திப்புக் கேட்கலாம், 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். நீங்கள் சம்மதிக்காமலும், மேன்முறையீடும் செய்யாமலும் விட்டால், அந்தக் காலக்கெடு முடிந்தபின் போர்டு பிள்ளையை இடம் மாற்றலாம்.

நாங்கள் ஜனவரி முடிவில் கடிதம் கொடுத்தோம். மே மாதம் முடிவு வந்தது, மகன் கிஃப்டட் என்று. அழுதேவிட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் உயர்நிலைக் கிஃப்டட் வகுப்பு எல்லாப் பாடசாலையிலும் இல்லை, சிலவற்றில்தான். அங்கே செப்டெம்பருக்கான இடங்கள் அதற்கு முதலே நிரம்பியிருந்தன. பல போர்டுகளில் ஒன்பதாம் வகுப்புச் சிறப்புத் திட்டங்களுக்கும் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியா என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) போன்றவற்றுக்கும் எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே கடிதம் ஏழாம் வகுப்பிலேயே போக வேண்டும். எட்டில் வந்து இறங்கியவர்கள் பதிவு செய்யும் அன்றைக்கே கொடுங்கள். தனியார் உளவியலாளரிடமும் மதிப்பீடு செய்யலாம், ஆயிரக்கணக்கில் டாலர் போகும். காசு கட்டும் முன், அதை உங்கள் போர்டு ஏற்குமா என்று கேளுங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் அளவுகோல் வேறு.

கிஃப்டட் வகுப்புக் கிடைக்காவிட்டாலும் ஐ.ஈ.பி. என்று, அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம் உண்டு. சாதாரண வகுப்பில் இருந்தபடியே கூடுதல் ஆழமான வேலை கேட்கும் உரிமை அது. வகுப்பு தொடங்கி 30 பாடசாலை நாளுக்குள் அது எழுதப்பட வேண்டும். ஒக்டோபர் நடுவில் கேட்டுப் பாருங்கள்.

பாடத் தெரிவுக்கு வருவோம். ஊரில் உயர்தரத்தில் மூன்று பாடம். இங்கே பல்கலைக்கழகங்கள் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த ஆறு பாடங்களை. அதனால் பன்னிரண்டில் இருந்து பின்னோக்கி எழுதுங்கள். கல்குலஸ் வேண்டுமென்றால் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் என்ற பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடம் அதற்கு முன்போ கூடவோ வர வேண்டும். அதற்குப் பதினொன்றில் ஃபங்ஷன்ஸ், அதற்குப் பத்தில் அக்கடமிக் என்ற கோட்பாடு கூடிய பிரிவின் கணிதம். ஒன்பதாம் வகுப்புக் கணிதம் 2021இல் இருந்து எல்லோருக்கும் ஒன்றுதான், பிரிவு பத்தில்தான் தொடங்குகிறது. பத்தில் அப்ளைட் என்ற செயல்முறைப் பிரிவுக்குத் தவறிக் குறி போட்டால் திரும்பி ஏறக் கஷ்டம். ஆங்கிலமும் அப்படித்தான். ஒரு பாடத்தை முடித்தால் கிடைக்கும் அலகுதான் கிரெடிட். ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கான பாடம்) கிரெடிட் மூன்று வரை கட்டாய ஆங்கிலமாகக் கணக்கிடலாம், ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பல்கலைக்கழக ஆங்கிலத்தை எட்டியே ஆக வேண்டும். எந்த வருடம் எந்தப் படி என்று வழிகாட்டல் ஆசிரியரோடு முதல் மாதமே எழுதி வையுங்கள். டிப்ளோமாவுக்கு மொத்தம் 30 கிரெடிட், 40 மணி நேரச் சமூகப் பணி. அந்த மணிகளை எட்டு முடிந்த கோடையிலேயே தொடங்கலாம்.

ரியூசனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் வந்த வாரமே அதைத்தான் தேடுவோம். அடுத்த வருடப் பாடத்தை முந்திப் படிப்பிக்கும் இடத்துக்கு மூத்தவனை ஆறு மாதம் அனுப்பினேன். வகுப்பில் இன்னும் அலுத்துப் போனான், ரயில் பெட்டிகள் கூடின. அவனுக்கு முந்திப் போவது உதவவில்லை, ஆழமாகப் போவதுதான் உதவியது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கணிதப் போட்டிகள் இருக்கின்றன: ஏழு, எட்டுக்குக் காவுஸ், ஒன்பதுக்கு பாஸ்கல், பிறகு கேலி, ஃபெர்மா. பழைய வினாத்தாள்களும் விடைகளும் இணையத்தில் இலவசம். உங்கள் பாடசாலை போட்டியை நடத்துகிறதா என்று செப்டெம்பரில் கேளுங்கள்.

அந்த மாதிரிக் கணக்கு ஒன்று: எல்லா முகத்திலும் நிறம் பூசிய கனசதுரத்தை 27 சின்னக் கனசதுரங்களாக வெட்டினால், சரியாக இரண்டு முகத்தில் நிறம் உள்ளவை எத்தனை? நான் உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். “வெட்டாதேங்கோ அம்மா. விளிம்பு பன்னிரண்டு, ஒவ்வொன்றிலயும் நடுவில ஒன்று, பன்னிரண்டு.” பிறகு தானாகவே 64 ஆக வெட்டினால் என்ன என்று கேட்டு, 24 என்று சொல்லிவிட்டு மேலே ஓடினான். அன்றைக்கு ஓரத்தில் ரயில் பெட்டி இல்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் விட்டுவிட வேண்டாம். உயர்நிலையில் தமிழுக்குக் கிரெடிட் தரும் போர்டுகள் உண்டு. மகன் எடுத்தான். அவன் அப்பம்மாவுக்குத் தானே கடிதம் எழுதுகிறான் இப்போது.

சின்னவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே கடிதம் கொடுத்தேன். அலுவலகத்தில் முத்திரை குத்தித் தந்த பிரதி, அவளுடைய பிறப்புச் சான்றிதழ் வைத்த அதே பைலில் இருக்கிறது. பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது.