முதல் புதிய காரைத் தேர்ந்தெடுக்கும் முறை: பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே வாருங்கள்

முதன்முறையாகக் கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்தக் கார் நல்ல கார்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். மைத்துனர் ஒரு பெயரைச் சொல்வார், அலுவலக நண்பர் இன்னொன்றைச் சொல்வார், யூடியூபில் மூன்றாவது ஒன்றைப் புகழ்வார்கள். இன்று விற்கப்படும் கார்களில் அடியோடு மோசமானது என்று ஒன்றைக் காட்டுவது கடினம். உங்கள் வீட்டுக்கும் வருமானத்துக்கும் பொருந்தாதவை மட்டும் நிறைய உண்டு. எனவே பிடித்த காரைத் தேடுவதற்குப் பதிலாகப் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்கும் முறையை, தமிழ்நாட்டில் முதல் கார் வாங்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

படி 1: ஒரு மாதப் பயணத்தைத் தாளில் எழுதுங்கள்

மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், அதில் ஊருக்குள் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்கள் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்கு ஏழு பேர் போகிறோம் என்பதற்காக ஏழு இருக்கை வண்டி வாங்கி, மற்ற நாள்களில் ஒருவர் மட்டும் அதை ஓட்டிச் செல்வது பலர் செய்யும் வேலை. அந்த ஒரு பயணத்துக்கு வாடகை வண்டி எடுப்பது எவ்வளவோ மலிவு. அதேசமயம் முழங்கால் வலியுள்ள பெற்றோர் வாரந்தோறும் மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தால், அது இருக்கையின் உயரத்தைத் தீர்மானிக்கும் செய்தி. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அடுத்ததாக, காரை நிறுத்தும் இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வேகன் ஆரின் அகலம் 1,620 மி.மீ., ஹூண்டாய் கிரெட்டாவின் அகலம் 1,790 மி.மீ. இந்தப் பதினேழு சென்டிமீட்டர் காகிதத்தில் சிறிதாகத் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு தூண்களுக்கு நடுவே கதவைத் திறந்து இறங்கும்போதுதான் அதன் அருமை புரியும். இந்த அளவுகளில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 2: ஆன் ரோடு விலையில் மட்டும் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் வருவது எக்ஸ் ஷோரூம் விலை. ஜி.எஸ்.டி. அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளாத கார்களில், 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கும் 1,500 சி.சி. வரையிலான டீசல் வண்டிகளுக்கும் 18 சதவீதமும், அவற்றைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதமும், மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதமும் வரி. சந்தையில் இத்தனை கார்கள் 3,995 மி.மீ. நீளத்தில் வந்து நிற்பதற்கு இந்த நான்கு மீட்டர் கோடுதான் காரணம்.

அந்த விலைக்கு மேல் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்ததே ஆன் ரோடு விலை. இவற்றில் பெரியது சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். வருமான வரியைப் போல எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று யாரும் எண்ண வேண்டாம். முழு விலைக்கும் அது பொருந்தும்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு வேரியன்ட் (ஒரே மாடலில் வசதிக்கேற்ப விலை மாறும் வகை) 9,80,000 ரூபாய், அதற்கு அடுத்தது 10,20,000 ரூபாய். விற்பனையாளர் "நாற்பதாயிரம்தான் சார் வித்தியாசம், சன்ரூஃப் வந்துவிடும்" என்பார். முதலாவதற்குச் சாலை வரி 1,27,400 ரூபாய். இரண்டாவதற்கு 1,83,600 ரூபாய். வரியில் மட்டும் 56,200 ரூபாய் கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டியதால் டி.சி.எஸ். என்று விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் ஒரு சதவீத வரியாக 10,200 ரூபாய் வேறு கட்ட வேண்டும்; வருமான வரிக் கணக்கில் காட்டி அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் வாங்கும் நாளில் அந்தப் பணம் கையில் இருந்தாக வேண்டும். ஆக நாற்பதாயிரம் என்று சொல்லப்பட்ட சன்ரூஃப் கையைவிட்டு எடுக்கும் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 10 லட்சத்தை ஒட்டி வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் ஷோரூம் படியேறக் கூடாது.

கடன் வாங்குவதாக இருந்தால் மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள். 7 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் தவணை சுமார் 14,530 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1.72 லட்சம். அதையே ஏழு ஆண்டுகளாக நீட்டினால் தவணை சுமார் 11,260 ரூபாயாகக் குறைந்து, வட்டி 2.46 லட்சமாக உயரும். தவணை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகக் காலத்தை நீட்ட வேண்டியிருந்தால், அது ஒரு படி சிறிய காரைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் என்பது என் கருத்து.

படி 3: எரிபொருளை ஓட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

முதல் படியில் எழுதிய கிலோமீட்டர் இங்கே பயன்படும். ஒரே மாடலின் டீசல் வண்டி பெட்ரோல் வண்டியைவிட 1,20,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 14 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 7.14 ரூபாய். டீசல் 92 ரூபாய், 19 கி.மீ. என்றால் 4.84 ரூபாய். மிச்சம் 2.30 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணத்தை மீட்க ஏறக்குறைய 52,000 கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் அது வந்துவிடும். மாதம் 600 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதில் நிறுவனம் சொல்லும் மைலேஜைப் போடாதீர்கள். அது ஆய்வகத்தில் அளந்தது. அதே வண்டி வைத்திருக்கும் ஒருவர் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்துச் சொல்லும் எண்ணே உங்களுக்கு உதவும்.

தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் பணக் கணக்கு ஒத்துவந்தாலும் டீசலைத் தவிர்ப்பது நல்லது. பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடிச் சூடேறும்போதுதான் அது தானே எரித்துச் சுத்தமாகும். குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்.

சி.என்.ஜி. எனப்படும் இயற்கை எரிவாயு வண்டி வாங்க நினைப்பவர்கள் தினமும் போகும் வழியில் பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதை ஒரு மாலை வேளையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். டிக்கியில் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும் இடத்தையும் பாருங்கள். மின்சாரக் காருக்குக் கேள்வி ஒன்றுதான்: இரவில் உங்கள் சொந்த நிறுத்துமிடத்தில் சார்ஜ் செய்ய முடியுமா? முடியும் என்றால், ஊருக்குள் ஓட்டுவதற்கு அதைவிடச் செலவு குறைந்தது இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது என்றால், அது எழுத்தில் வரும்வரை பொறுத்திருங்கள்.

படி 4: கியர்

நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு ஆட்டோமேட்டிக் ஆடம்பரம் அல்ல. ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல வகைகள் விற்கப்படுகின்றன. மிக மலிவானது ஏ.எம்.டி.; சாதாரண கியர்பெட்டியையே இயந்திரம் மாற்றித் தருவதால் ஒவ்வொரு மாற்றத்திலும் லேசாகத் தயங்கும். தனித்தனி கியர்கள் இல்லாத சி.வி.டி. வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தி மிதித்தால் இரைச்சல் கூடும். எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் மென்மையானது, நீடித்து உழைப்பது. இரண்டு கிளட்ச் கொண்ட டி.சி.டி. வேகமாக மாறும், பழுதானால் செலவு அதிகம். எது வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏழாவது படியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

படி 5: பாதுகாப்பில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது

இந்தியாவுக்கென்று பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 என மதிப்பெண்கள் உண்டு. நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். சோதனைக்கு வண்டியைக் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம் என்பதால், மதிப்பெண் இல்லாத கார் எல்லாம் ஆபத்தானது என்று பொருளில்லை. ஆனால் ஒரே விலையில் இரண்டு கார்கள் நின்றால், மதிப்பெண் இல்லாததைக் கழித்துவிட எனக்குத் தயக்கம் இருக்காது.

ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி., பின்னிருக்கையில் நடுவில் அமர்பவருக்கும் தோள்பட்டையோடு வரும் பெல்ட், குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகிய நான்கும் நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டிலேயே இருக்கின்றனவா என்று கேளுங்கள். "இந்த மாடலில் உண்டு" என்பது பதில் ஆகாது.

படி 6: மாடலைவிட வேரியன்ட் முக்கியம்

இதுவரை கழித்ததில் மூன்று நான்கு பெயர்களே மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன பாதுகாப்பு வசதிகள் எல்லாம் அடங்கிய மிகக் கீழான வேரியன்ட் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவதாக இருக்கும். பெரிய திரை, சீட் கவர், அலாய் வீல் போன்றவற்றைப் பிற்பாடு வெளியிலும் போட்டுக்கொள்ளலாம். ஏர்பேக்கையும் இன்ஜினையும் பின்னால் சேர்க்க முடியாது.

கூடவே, உங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். ஷோரூமில் கேட்பதைவிட டிங்கரிங் கடையில் கேட்பது பயன் தரும். எந்த வண்டியின் பம்பரும் ஹெட்லைட்டும் இரண்டு நாளில் கிடைக்கின்றன, எது உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் மூடிப்போட்டுக் கிடக்கிறது என்பது அங்கே கண்ணெதிரே தெரியும்.

படி 7: டெஸ்ட் டிரைவ்

ஷோரூமிலிருந்து அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்புவது டெஸ்ட் டிரைவ் அல்ல. நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே கியர் கொண்ட வண்டியைக் கேளுங்கள். வழக்கமாக ஏறும் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுவதும் வைத்து, ஒரு மேம்பாலத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்த இடத்தில் திணறும் வண்டி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் உங்களை நிச்சயம் சோதிக்கும்.

பிறகு ஓட்டுநர் இருக்கையை உங்களுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, இறங்கி அதற்கு நேர்ப் பின்னால் போய் உட்காருங்கள். முழங்கால் இடிக்கிறதா, தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பத்து நிமிடமாவது பாருங்கள். அம்மாவையும் அப்பாவையும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். குனிந்து நுழைய வேண்டிய தாழ்வான செடானும் காலைத் தூக்கி ஏற வேண்டிய எஸ்.யு.வி.யும் அவர்களுக்கு ஒரே அளவு சிரமத்தைத் தரலாம். முடிந்தால் இருட்டிய பிறகு இன்னொரு முறை ஓட்டி ஹெட்லைட் வெளிச்சத்தைப் பாருங்கள்.

படி 8: எழுத்தில் கொட்டேஷன், தனியாகக் காப்பீடு

ஒரே வேரியன்டுக்கு இரண்டு டீலர்களிடம் இனம் இனமாகப் பிரித்த கொட்டேஷன் வாங்குங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அது அரசுக்குப் போகும் கட்டணம் அல்ல. ஆக்சஸரீஸ் தொகுப்பையும் அப்படியே. ஆடி மாதத்தில் பலர் வண்டி எடுக்கத் தயங்குவதால் தள்ளுபடி பேசச் சரியான நேரம் அது. சாஸ்திரம் பார்க்காதவர்களுக்கு லாபம்.

காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு போதும். வெளியில் ஒரு விலை கேட்டுவிட்டு வந்தால் டீலரும் பெரும்பாலும் இறங்கி வருவார். ஒப்பிடும்போது ஐ.டி.வி. என்ற காப்பீட்டு மதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், அதைக் குறைத்துத்தான் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும், பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானமற்ற காப்பீடு முதல் சில ஆண்டுகளுக்கு அவசியம். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இன்ஜின் பாதுகாப்புக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். தண்ணீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பிப் பழுதாக்கினால் சாதாரண பாலிசி அந்தச் செலவை ஏற்காது.

படி 9: புக்கிங், வண்டியைச் சோதித்தல்

புக்கிங் படிவத்தில் வேரியன்ட், நிறம், தயாரிப்பு ஆண்டு, ஒப்புக்கொண்ட தள்ளுபடி, ரத்து செய்தால் திரும்பும் தொகை ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். டெலிவரி நாளின் விலையே செல்லும் என்று படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். காத்திருப்புக் காலம் நீளமான வண்டிகளில் இது கவனிக்க வேண்டியது.

வண்டி வந்ததும், பதிவு செய்வதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் டீலரின் யார்டில் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்ட வண்டியை மாற்றிக் கேட்பது மிகக் கடினம். சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து பல நிறுவனங்களில் ஆண்டைக் குறிக்கும்: 2024க்கு ஆர், 2025க்கு எஸ். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். டிசம்பரில் கொடுக்கும் பெரிய தள்ளுபடிக்குப் பின்னால் பெரும்பாலும் தேங்கிய வண்டிகள் இருக்கும். பின்னால் விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதால், தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஓடோமீட்டர், பெயின்ட், கண்ணாடிகள், உதிரிச் சக்கரம், இரண்டு சாவிகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, குறை ஏதும் இருந்தால் படம் எடுத்து அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மீதிப் பணத்தை அதன் பிறகு கட்டினால் போதும்.