மேட்சிங் ரவிக்கைத் துணி எடுப்பது எப்படி?

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் ரவிக்கை தைக்கிறேன். என்னிடம் வரும் குறைகளில் பாதி தையலைப் பற்றியதே இல்லை. "கடையில பார்த்தப்ப அப்படியே ஒத்துப்போச்சு அக்கா, வீட்டுல வேற கலரா இருக்கு" என்பதுதான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, சாயமும் போகவில்லை. கண் வேலை செய்யும் விதம் அப்படி.

நம் விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் உண்டு. அவற்றில் மூன்று வகை: ஒன்று நீல ஒளியை அதிகம் பிடிக்கும், இன்னொன்று பச்சையை, மூன்றாவது மஞ்சளிலிருந்து சிவப்பு வரை. ஆனால் எந்த நிற ஒளி வந்தது என்று தனியாக ஒரு கூம்பால் சொல்ல முடியாது. எவ்வளவு சிக்கியது என்று மட்டும்தான் சொல்லும். மூன்றின் அளவையும் ஒப்பிட்டுத்தான் நிறம் தெரிகிறது. பட்டுச் சேலையில் ஒரு சாயம், டூ பை டூ துணியில் வேறொரு சாயம். ஏதோ ஒரு விளக்கில் மூன்று அளவும் தற்செயலாகச் சமமாகிவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விளக்கு மாறினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

கடையில் இருக்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சு பூசியது. அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. மெரூன், ஊதா, அரக்கு மூன்றும் ஆளை ஏமாற்றுவது இதனால்தான். கறுப்புக்கும் பச்சைக்கும் நான் இவ்வளவு பயப்படுவதில்லை.

அதனால் துணியையும் சேலையையும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். பஃபலோ ரோட்டுப் பக்கம் வரலாம், சிராங்கூன் ரோட்டுக் கடை என்றால் அஞ்சடியின் (கடை வாசலில் கூரை போட்ட நடைபாதை) ஓரத்துக்கு வரலாம். நிழல் வேண்டும், ஆனால் பகல் வெளிச்சம் விழ வேண்டும். நேர் வெயில் கூடாது, பட்டின் பளபளப்பே நிறத்தை விழுங்கிவிடும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், தள்ளி வைத்தால் தெரியாது. அப்புறம் உள்ளே போய் விளக்கிலும் ஒருமுறை. இரண்டு இடத்திலும் ஒத்துப்போனால் வாங்குங்கள். கட்டப்போவது ராத்திரிக் கல்யாணத்துக்கு என்றால் மண்டப விளக்கு மாதிரி மஞ்சள் விளக்கிலும் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. சிவப்புத் துணியாகவே பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் சிவப்பைப் பிடிக்கும் கூம்புகள் சோர்ந்துவிடும். அடுத்து எடுக்கும் பச்சைத் துணி, உண்மையில் இல்லாத பளிச்சோடு தெரியும். நடுநடுவே சாம்பல் நிறச் சுவரை ஒரு நிமிடம் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

வெளிச்சம் குறைந்தால் கதையே வேறு. விழித்திரையில் கூம்புகளோடு குச்சி செல்களும் 9 கோடிக்கு மேல் இருக்கின்றன. மங்கலில் அவைதான் வேலை செய்யும். ஆனால் ஒரே வகை என்பதால் நிறம் சொல்லத் தெரியாது. சிவப்பு ஒளியும் அவற்றுக்கு ஏறக்குறைய எட்டாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: பகலில் ஒரே அளவு பளிச்சென்று தெரியும் சிவப்பு, நீலத் துண்டுகளைப் படுக்கையில் போட்டு, திரையை இழுத்து, விளக்கை அணைத்து அரை மணி நேரம் இருங்கள். சிவப்பு கறுத்துவிடும், நீலம் வெளுத்து நிற்கும். 1819இல் புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி கவனித்த விஷயம் இது. ஓரக்கண்ணால் பார்த்தால் துண்டுகள் இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் விழித்திரையின் நடுமையத்தில் குச்சிகள் கிடையாது. சிங்கப்பூரில் வெளியே நின்று இதைச் செய்ய முடியாது. இங்கே யார் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலும் கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவுக்கு இரவு வானம் வெளிச்சமாக இருக்கிறது என்று 2016இல் வந்த உலக ஒளிமாசு வரைபடம் சொன்னது. தீபாவளி ராத்திரிக்குச் சிவப்பு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு அது நல்ல செய்திதான், சிவப்பு கறுத்துத் தெரியாது, தாராளமாகக் கட்டுங்கள்.

அறுபது தாண்டிய அம்மாக்கள் துணைக்குப் பேத்தியைக் கூட்டி வாருங்கள். வயதானால் கண் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும், நேவி புளூவும் கறுப்பும் ஒன்றாகிவிடும். துணைக்குக் கணவர்தான் வருவார் என்றால், அவருக்குச் சிவப்பு பச்சை பிரித்துத் தெரிகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறை ஆண்களுக்குத்தான் அதிகம்.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "இதே கலர்ல எடுத்து வைங்க அக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேமராவின் மூன்று நிறக் கணக்கு வேறு, நம் கூம்புகளின் கணக்கு வேறு. சேலையைக் கொண்டு வாருங்கள்.