ஏழுகல் தோடும் ஒற்றைக்கல் மோதிரமும்: வைரத்தைக் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?

மகளின் கல்யாணத்துக்கு ஏழுகல் தோடு வாங்க நினைக்கும் குடும்பமும், நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக்கல் மோதிரம் தேடும் இளைஞரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பழகிய நகைக்கடைக்குப் போவதா, இணையத்தில் வாங்குவதா? இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. வாங்கப்போகும் கல்லுக்கென்று தனியாக ஓர் ஆய்வகச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

ஒற்றைக்கல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். அரை காரட், அதாவது நம் கடைக்காரர்கள் 50 சென்ட் என்று சொல்லும் அளவுள்ள கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்கள் தனிச் சான்றிதழ் தருகின்றன. எடை, நிறம், தெளிவு ஆகியவற்றின் தரமும், வட்டக் கல்லானால் வெட்டின் தரமும், மில்லிமீட்டரில் கல்லின் அளவுகளும் அதில் இருக்கும். அந்தச் சான்றிதழ் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் இட்டு நீங்களே சரிபார்க்கலாம். பல கற்களின் இடை விளிம்பில் அதே எண்ணை லேசரால் பொறித்தும் இருப்பார்கள். இப்படிப்பட்ட கல்லை இணையத்தில் வாங்க நான் தயங்கமாட்டேன். உள்ளூர்க் கடையில் அந்த அளவில் நான்கைந்து கற்கள்தாம் கையிருப்பில் இருக்கும். இணையத்தில் ஒரே தரமுள்ள பல கற்களின் விலையை ஒரே மாலையில் ஒப்பிட்டுவிடலாம்.

ஒப்பிடும்போது வெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கல் ஜொலிப்பதற்கு முதற்காரணம் அதுதான். நிறத்தை டி (நிறமற்றது) முதல் இசட் வரை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிப்பார்கள்; அதில் ஜி அல்லது எச், தெளிவில் வி.எஸ். (உள்ளே மிகச் சிறு குறைகளே உள்ளது) என்ற தரம் வெறுங்கண்ணுக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் லென்சுக்குத்தான் தெரியும். வட்டமாக வெட்டிய 50 சென்ட் கல் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். 5-க்கும் குறைந்திருந்தால் எடை ஆழத்தில் ஒளிந்திருக்கிறது, கல் சிறியதாகவே தெரியும் என்று பொருள். அரை காரட், ஒரு காரட் என்ற முழு அளவுகளைத் தொடும்போது ஒரு காரட்டுக்கான விலையே ஏறிவிடும். ஆகவே 48 சென்ட் கல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், விரலில் அந்த வேறுபாடு தெரியாது.

இணையத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம், இயற்கை வைரமும் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அடுத்தடுத்துக் காட்டப்படும் பட்டியல். இரண்டும் கார்பன் படிகங்களே. கண்ணாலோ, கடைகளில் வைத்திருக்கும் வெப்பம் பார்க்கும் பேனாக் கருவியாலோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்கென உள்ள ஆய்வகக் கருவிகள் வேண்டும். ஆய்வக வைரத்தின் விலை இயற்கை வைரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான், திரும்ப விற்கும்போது கிடைப்பதும் மிகக் குறைவு. தெரிந்து வாங்கினால் அதில் தவறொன்றும் இல்லை. எதை வாங்கினாலும், இயற்கையா வளர்த்ததா என்பது சான்றிதழிலும் பில்லிலும் எழுத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்குபவருக்கும் இது பொருந்தும்.

ஏழுகல் தோட்டின் கதை வேறு. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு கற்கள். ஒவ்வொன்றும் சில சென்ட் எடைதான். இவ்வளவு சிறிய கற்களுக்குப் பொதுவாகத் தனிச் சான்றிதழ் எடுப்பதில்லை. நகை முழுவதற்கும் ஒரே அட்டை வரும்; அதில் மொத்த எடையும், நிறம் இன்னதிலிருந்து இன்னது வரை என்ற வீச்சும் மட்டுமே இருக்கும். பதினான்கு கற்களும் அளவிலும் நிறத்திலும் ஒன்றுக்கொன்று இணங்குகின்றனவா என்பதை அந்த அட்டை சொல்லாது, திரையில் ஓடும் வீடியோவும் சொல்லாது. தோடு, எட்டுக்கல் பேசரி போன்றவற்றைக் கடையில் வாங்குவதே நல்லது; அதுவும், கட்டுவதற்கு முன்பே கற்களை உதிரியாகக் காட்டச் சொல்லி வாங்குவது இன்னும் நல்லது.

நம் பழைய தோடுகளில் கல்லின் பின்பக்கத்தை மூடிக் கட்டும் வழக்கம் உண்டு. அழகான வேலைதான், ஆனால் கல்லின் நிறத்தை அது மறைத்துவிடும். என் அம்மாவின் தோட்டைப் பிரித்துக் கட்டக் கொடுத்தபோது, நாற்பது ஆண்டுகளாக வெள்ளை வெளேரென்று நாங்கள் நினைத்திருந்த கற்களில் மூன்று நன்றாக மஞ்சள் தட்டியிருந்ததைப் பார்த்தோம். எனவே கடையில் கற்களை ஒரு வெள்ளைத்தாளில் முகம் கீழாகக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். கடையின் மேல்விளக்குகள் எந்தக் கல்லையும் மின்ன வைக்கும் என்பதால், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தும் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

‘ப்ளூ ஜாகர்’ என்ற சொல்லைப் பல கடைகளில் கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலச் சாயலுள்ள கற்களால் ஏற்பட்ட பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்றைய ஆய்வகச் சான்றிதழில் அப்படி ஒரு தரமே கிடையாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை சொன்னால், நிறத்தின் ஆங்கில எழுத்து என்ன என்று கேளுங்கள்.

தோஷம் பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் வைரத்தைச் சில நாள் வீட்டில் வைத்திருந்து பார்த்த பிறகே வாங்குவார்கள். குடும்பத்தை அறிந்த கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பார். இணையக் கடைகளும் திருப்பி அனுப்பக் குறிப்பிட்ட நாட்கள் தருகின்றன, ஆனால் அளவு சொல்லிச் செய்த நகைக்கு அந்த உரிமை பெரும்பாலும் இருக்காது. பணம் கட்டும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

இனி பில். தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் காரட் விலை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால், கற்களின் மொத்த எடை 1.40 காரட்டானால் 0.28 கிராமைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்.யு.ஐ.டி. குறியீடு (ஒவ்வொரு நகைக்குமான தனி அடையாளம்) கட்டாயம், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதை இட்டுப் பார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு, ஆகவே மூக்குத்தியில் அது இல்லாவிட்டால் பதற வேண்டாம். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே சாட்சி, வைரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. திரும்ப எடுக்கும்போது எத்தனை சதவீதம் தருவார்கள், பணமாகவா மாற்று நகையாகவா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது பத்து ஆண்டுகள் கழித்து உதவாது.

இணையத்தில் வாங்கிய பார்சலை, உறையின் முத்திரை தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் வேறோர் ஆய்வகத்திலோ நம்பகமான நகைக்கடையிலோ கொடுத்து, கல்லில் பொறித்த எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறுபட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்.

தினமும் அணியும் நகையில் காலப்போக்கில் கல்லைப் பிடித்திருக்கும் பற்கள் தளரும், திருகாணியும் தேயும். இணையத்தில் வாங்கியவரும் இதற்கு உள்ளூர் ஆசாரியிடம்தான் போக வேண்டியிருக்கும். கொடுக்கும்போது கற்களை எண்ணி, படமெடுத்து, பொறித்த எண் இருந்தால் லென்சில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அதே லென்சால் அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.