நிலையை முதலில் பிடுங்காதீர்கள்: பழைய வீடு இடிப்பதில் நடக்கும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய வீட்டை இடிக்க ஆள் பேசும்போது பேச்சு பெரும்பாலும் சாமானில்தான் தொடங்கும். நிலை (கதவு மாட்டும் மரச்சட்டம்) எத்தனை, ஜன்னல் எத்தனை, உத்திரம் என்ன மரம், கல் பலகை எத்தனை தேறும் என்று எண்ணுவார்கள். "சாமானை நாங்க எடுத்துக்கறோம், இடிச்சு மண்ணை வாரிக் குடுத்துடறோம்" என்று விலை முடியும். காசு எதில் இருக்கிறதோ அங்கேதான் கை முதலில் போகும். வேலை தொடங்கிய அன்றைக்கே நிலையும் ஜன்னலும் வண்டி ஏறிவிடும். இடிப்பு வேலையில் இந்த வரிசை ஆள் உயிரையே வாங்கிவிடும்.

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் கான்கிரீட் லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேல் போடும் விட்டம்) கிடையாது. வாசலுக்கு மேலே இருக்கும் சுவரை நிலையின் மேல்கட்டையும் அதை ஒட்டிப் போட்ட பலகையும்தான் தாங்கிக்கொண்டு நிற்கும். மண் சாந்தில் கட்டிய சுவரில் கடப்பாரையை விட்டு நிலையை நெம்பினால், மேலே இருக்கும் கல் உடனே விழ வேண்டும் என்பதில்லை. அரை மணி நேரம் கழித்து, யாராவது அந்த வழியாகச் சட்டி தூக்கிக்கொண்டு போகும்போது விழலாம். மேல் சுவர் முழுக்க இறங்கி, நிலையின் தலை வெளியே தெரிந்த பிறகுதான் நிலையில் கை வைக்க வேண்டும். அதுவரை அது சாமான் அல்ல, தூண்.

ஆகவே விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள்: எதை முதலில் எடுப்பது, எதை எப்போது எடுப்பது, சாமான் எப்போது வெளியே போகும். இடிப்பு வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4130 (1991) வேலைக்கு முன் கட்டடத்தை ஆராய்ந்து, திட்டம் போட்டுத் தொடங்கச் சொல்கிறது. அடிப்படை எளிது. கட்டிய வரிசைக்கு நேர் எதிராக இறக்க வேண்டும்: கைப்பிடிச் சுவர், மேல்தளத்தில் பதித்த ஓடுகளும் சுண்ணாம்புக் காரையும், கூரை, பிறகு சுவரை மேலிருந்து வரிவரியாக.

கல் பலகைக் கூரை

நம் பகுதியில் மட்டும் தனியாகப் பேச வேண்டிய விஷயம் இது. கருங்கல் நிறைய கிடைக்கும் ஊர் என்பதால் கல் பலகை பரப்பிய வீடும் கொட்டகையும் இங்கே ஏராளம். 7 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குல கனத்தில் ஒரு பலகை ஏறக்குறைய 350 கிலோ. மேலே கொட்டிய மண்ணும் சுண்ணாம்பும் தனிக் கணக்கு.

கருங்கல் அழுத்தத்தைத் தாங்குவதில் சூரன். வளைவைத் தாங்குவதில் பலவீனம். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் உடையும் முன் தொங்கும், விரிசல் காட்டும். கல் பலகை எதையும் காட்டாமல் நடுவில் இரண்டாகப் போய்விடும். அதன்மேல் ஏறி நின்று சம்மட்டி அடிப்பவர் பலகையோடு சேர்ந்து உள்ளே போவார்.

சரியான முறை இப்படி. மேல் மண்ணை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாரி இறக்குங்கள், கூரையில் குவிக்க வேண்டாம். கீழே ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் குறுக்குச் சட்டம் வைத்து ஜாக்கி முட்டுக் கொடுங்கள். சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், உள்ளே கீறல் விட்டது மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்ட பலகைக்குச் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு, இரண்டாவது முட்டும் கொடுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். பலகையின் இரு முனைக்கும் பெல்ட் போட்டு கிரேனில் தூக்குவதுதான் நல்லது. கிரேன் வாடகை அதிகம் என்று தோன்றும். ஆனால் முழுசாக இறங்கிய பலகைக்கு வேலிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் விலை உண்டு, உடைந்த துண்டு ஜல்லிக்குத்தான் போகும்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. கல் கூரை தன் எடையால் எதிரெதிர்ச் சுவர்களின் தலையை அமுக்கிப் பிடித்திருக்கிறது. எல்லாப் பலகையையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, மண் சாந்துச் சுவரை ராத்திரி முழுக்க மொட்டையாக நிற்க விட்டால், வயிறு தள்ளிய இடம் முதலில் சரியும். ஒரு அறையின் கூரை இறங்கினால் அன்றைக்கே அந்த அறைச் சுவரின் மேல் பாதியையும் இறக்கிவிட வேண்டும். கல்லிடுக்கில் பாம்பும் தேளும் இருக்கும், வெறுங்கையை விட வேண்டாம்.

மெத்தை வீடு, சன்ஷேடு, குவிந்த இடிபாடு

கட்டைகளுக்கு நடுவே செங்கல்லைச் செருகி, சுண்ணாம்புக் காரை போட்ட மெத்தை வீடுகளில், மரக்கட்டை சுவருக்குள் புதைந்திருக்கும் ஒரு சாண் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியே தெரிகிற பகுதி இரும்பு மாதிரி இருக்கும், உள்முனை கரையான் தின்று தூளாகியிருக்கும். கடப்பாரையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இடிப்பவர் இரண்டு கட்டைக்கு நடுவே கால் வைக்கக் கூடாது. பல கட்டைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் நின்று வேலை செய்ய வேண்டும்.

சன்ஷேடு, பால்கனி இரண்டும் சுவரை விட்டு வெளியே தொங்குபவை. பின்னால் ஏறியிருக்கும் சுவரின் எடைதான் பெரும்பாலும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மேல் சுவரை இறக்கிவிட்டு சன்ஷேடை விட்டு வைத்தால், அது அப்படியே முன்னால் கவிழும். முதலில் கீழே முட்டு, பிறகு சன்ஷேடை வெட்டி இறக்கு, அதன் பிறகு மேல் சுவர். வரிசை மாறக் கூடாது.

இடிபாட்டை மாடித் தரையிலேயே குவிப்பது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10க்கு 12 அடி அறையில் ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் இடிபாடு நிரம்பினால் ஏறக்குறைய நாலரை டன். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்க எடைக்குத்தான் வடிவமைக்கப்படுகிறது, அதாவது அந்த அறைக்குச் சுமார் 2.2 டன். ஒரே அடியில் இரண்டு மடங்கு! சுவரில் சாய்த்துக் குவித்தால் பக்கவாட்டுத் தள்ளலும் சேரும். அன்றன்றைய இடிபாட்டை அன்றன்றைக்கே கீழே இறக்குங்கள். தளத்தில் ஒரு திறப்பு வெட்டி, அதன் கீழ் அறையை யாரும் நுழையாதபடி அடைத்துவிட்டு இறக்கலாம். மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்ய மறக்காதீர்கள்: 1000 லிட்டர் என்றால் ஒரு டன்.

ஜேசிபி வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பக் கூடாது. சுவரின் அடியைத் தோண்டி விழவைக்கும் ஓட்டுநருக்குச் சுவர் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. சுவர் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது வெறும் இடம் இருந்தால்தான் எந்திரம் வைத்துத் தள்ளலாம். பழைய பேட்டைத் தெருக்களில் அவ்வளவு இடம் கிடையாது. அங்கே கையால் இறக்கி, முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகு எந்திரத்தை விடுங்கள். எந்திரம் நிற்கப்போகும் இடத்துக்குக் கீழே கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மூடிய கிணறு இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்குவது சட்டப்படி குற்றம் (கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம்). 14420 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லி லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மண் கொட்டி மூட வேண்டும்.

மின்சாரத்தில் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயரில் மின்சாரம் அப்படியே இருக்கும். இ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கம்பத்திலேயே துண்டித்த பிறகுதான் முதல் அடி. பக்கத்து வீட்டுக்குப் போகும் ஒயர் இந்தச் சுவரில் கட்டியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பொதுச்சுவர், பாதி வெட்டும் வீடு

ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் பக்கத்து வீட்டு உத்திரம் உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கலாம். அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுக்குள் போய், உத்திரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அவர்கள் முன்னாலேயே விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் வழக்கு வராமல் இருக்க மட்டுமல்ல, வேலை நடக்கும்போது எந்த விரிசல் புதிதாக வளர்கிறது என்று பார்க்கவும் அந்தப் படம்தான் உதவும்.

சாலை அகலமாகும்போது வீட்டின் முன்பக்கத்தை மட்டும் வெட்டுவது இன்னும் ஆபத்தானது. எஞ்சும் கூரை எதன்மேல் உட்காரும்? தளத்தின் முக்கியக் கம்பி எந்தத் திசையில் போகிறது? வெட்டுக்கோட்டுக்குப் பின்னால் புதுத் தூணோ சுவரோ கட்டி, கூரையை அதன்மேல் ஏற்றி, சாந்து இறுகிய பிறகுதான் முன்பக்கத்தை அறுக்க வேண்டும். இதற்கு மட்டும் ஒரு கட்டடப் பொறியாளரைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

தூசுக்குத் துண்டு கட்டினால் போதாது. கருங்கல்லிலும் மணலிலும் இருந்து வரும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. தண்ணீர் தெளித்துக்கொண்டே இடிக்க வேண்டும், என்-95 முகக்கவசம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள்.

வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வைப்பது உத்தமம். செப்டம்பர், அக்டோபரில் இங்கே நல்ல மழை இருக்கும், மண் சாந்து ஊறிய சுவரை முட்டுக்கட்டை நம்பிக்கூடத் தொட முடியாது. இடித்த பிறகு, இத்தனை வருடம் உங்கள் வீட்டுக்குள் மறைந்திருந்த பக்கத்து வீட்டுச் சுவர் வெளியே தெரியும். அதற்குப் பூச்சே இருக்காது. முதல் மழைக்கு முன்னால் சிமெண்ட் பூசிக் கொடுங்கள், அதுவரை தலையிலிருந்து அடிவரை தார்ப்பாய் தொங்கவிடுங்கள்.