வரலாற்றாசிரியர்களைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியத்தில் சாய்வு முதல் வரியிலேயே புகுந்துவிடும். 'மார்க்சிய வரலாற்றாசிரியர்' என்றோ 'இந்துத்துவ வரலாற்றாசிரியர்' என்றோ தொடங்குமுன், அந்த அடையாளத்தைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். டி. டி. கோசாம்பி மார்க்சிய முறையைக் கையாள்வதாகத் தாமே எழுதியவர். அவருக்குத் தாராளமாகப் போடலாம். எதிர்த்தரப்பு மட்டுமே ஒட்டிய பட்டம் என்றால் கட்டுரையின் உள்ளே, சொன்னவர் பெயரோடு வரட்டும். மரியாதை அடைமொழியிலும் கவனம் வேண்டும். பிடித்தவர் 'பேராசிரியர்', 'அறிஞர்' ஆகிவிடுவார். பிடிக்காதவர் வெறும் பெயராக நிற்பார். 'அம்பலப்படுத்தினார்', 'சப்பைக்கட்டு கட்டினார்' எல்லாம் வேண்டாம். 'எழுதினார்', 'வாதிட்டார்', 'மறுத்தார்' போதும்.

இரு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் தருவதே நடுநிலை என்று நினைப்பது இவற்றைவிடப் பெரிய தவறு. துறை ஆய்வாளர்களிடம் ஒரு கருத்துக்கு எவ்வளவு ஏற்பு இருக்கிறதோ, அவ்வளவுதான் இடம். தாஜ்மகால் முதலில் கோயிலாக இருந்தது என்றார் எழுத்தாளர் பி. என். ஓக். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. இது தொடர்பான அவருடைய மனுவை உச்ச நீதிமன்றம் 2000-ல் தள்ளுபடி செய்தது. ஓக் பற்றிய கட்டுரையில் அந்த வாதத்தையும் மறுப்பையும் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். தாஜ்மகால் கட்டுரையில் ஓரிரு வரிக்கு மேல் அதற்கு இடமில்லை.

சர்ச்சைகளை மட்டும் திரட்டி 'விமர்சனங்கள்' என்று தனிப்பிரிவில் கொட்டினால், முப்பது நாற்பது ஆண்டு உழைப்பு ஒரு வாரச் செய்திக்கு அடியில் புதைந்துவிடும். வரலாற்றாசிரியர் பிபன் சந்திரா பக்கத்தில் இது எளிதில் நேரும். அவருடைய 'India's Struggle for Independence' நூல் பகத்சிங்கைப் 'புரட்சிகர பயங்கரவாதி' என்றதாக 2016-ல் எழுந்த எதிர்ப்பால் தில்லிப் பல்கலைக்கழகம் அதன் இந்திப் பதிப்பின் விற்பனையை நிறுத்தியது. மூல நூல் வந்தது 1988-ல், கூட்டாசிரியர்கள் இருந்தனர், சர்ச்சை எழுந்தபோது அவர் இறந்து ஏறத்தாழ இரண்டாண்டு ஆகியிருந்தது, அந்தச் சொல்லை இழிவான பொருளில் ஆளவில்லை என்று நூலே சொல்கிறது. இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பதிப்பு, ஆண்டு, பக்க எண் பார்க்காமல் மேற்கோள் போடாதீர்கள். தில்லித் தமிழர்களுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை: தீன் மூர்த்தி வளாக நூலகத்தில் பழைய நாளிதழ்கள் நுண்படச் சுருள்களாகவே இருக்கின்றன. நாளிதழின் கருத்துப் பத்தி, எழுதியவரின் கருத்துக்கு மட்டுமே சான்று. நூலின் தரத்துக்கு ஆய்விதழ் மதிப்புரையைத் தேடுங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. முகலாயர் கால வேளாண்மையை ஆராய்ந்த அலிகர் இர்ஃபான் ஹபீப் வேறு, அறிவியல் வரலாறும் பகத்சிங் பற்றியும் எழுதிய எஸ். இர்ஃபான் ஹபீப் வேறு.

ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தை மொழிபெயர்ப்பதாக இருந்தால் முதலில் அதன் திருத்த வரலாற்றையும், தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். ஒருவர் திருத்தத்தை மற்றவர் மாறி மாறி நீக்கும் தொகுத்தல் போர் நடக்கும் நாளில் எடுத்த பத்தி, அன்று வென்ற தரப்பின் குரலாகத்தான் இருக்கும். உயிரோடு இருப்பவர்மீது சான்றில்லாத குற்றச்சாட்டைக் கண்டால் விவாதத்துக்குக் காத்திராமல் நீக்கிவிட்டு, திருத்தத்தோடு இடும் குறிப்பான தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.